பழைய வீடு ஒன்று இருந்த நாய்: தத்தெடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு வயதிலோ ஆறு வயதிலோ ஒரு நாய் உங்கள் வீட்டுக்கு வருகிறது. அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வாசல் இருந்திருக்கிறது, யாரோ ஊசி போட்டு வளர்த்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' நாளைக்கு வந்து கதவைத் தட்டினால் என்ன ஆகும்? தட்டாமல் இருக்க இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? இங்கே சொல்லப்படும் சட்டம் இந்தியா முழுமைக்குமானது. நடைமுறைகள் தமிழ்நாட்டை, அதிலும் சென்னையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விவகாரம் நீதிமன்றம் வரை போனால் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

சட்டத்தின் கண்ணில் நாய் யாருடையது?

வீட்டு நாய் சட்டப்படி அசையும் சொத்து. மேசை, சைக்கிள், நகை போல அதற்கும் ஓர் உரிமையாளர் உண்டு. விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம், திருடுபோனால் புகார் செய்யலாம். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பிடிமானமும் இதில்தான் இருக்கிறது. ஒருவர் தன் நாயை முறையாக உங்களுக்குக் கொடுத்துவிட்டால், மனம் மாறியது என்பதற்காக மட்டும் அவரால் திரும்பக் கேட்க முடியாது.

சொத்து என்பதோடு முடிந்துவிடவும் இல்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் உரிமையாளருக்குக் கடமைகளை விதிக்கிறது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் கண்ணியத்தைப் பற்றியும் பேசியது. ஆனாலும் 'இந்த நாய் யாருக்கு?' என்று இரண்டு பேர் சண்டை போடும்போது, யார் பெயரில் இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் விசாரணை தொடங்கும்.

நாயைக் கொடுப்பவரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

அசையும் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பத்திரப் பதிவு தேவையில்லை. கொடுக்கும் எண்ணத்தோடு கையில் ஒப்படைத்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 123. ஆக, வெள்ளைத் தாளில் எழுதிய கடிதமே போதும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். இப்படி எழுதலாம்:

"… முகவரியில் வசிக்கும் … ஆகிய நான், எனக்குச் சொந்தமான, சுமார் 4 வயதுள்ள, பழுப்பு நிற ஆண் லாப்ரடார் நாயை (அழைக்கும் பெயர் …, தோலுக்கடியில் உள்ள அடையாளச் சிப்பின் எண் …, அடையாளம்: மார்பில் வெள்ளைத் திட்டு) இன்று … தேதி … மணிக்கு … அவர்களிடம் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டேன். பணம் ஏதும் பெறவில்லை. இந்த நாய் மீது வேறு யாருக்கும் உரிமை இல்லை. இது இதுவரை யாரையும் கடித்ததில்லை / … அன்று … சூழலில் கடித்திருக்கிறது."

இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், கொடுப்பவரின் அடையாள அட்டை நகல். நாயோடு நின்று அவரே "கொடுத்துவிட்டேன்" என்று சொல்லும் அரை நிமிட வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. கூடவே ஊசி அட்டை, பழைய மாநகராட்சி உரிமம், மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். 'அப்புறம் அனுப்புகிறேன்' என்றால் பெரும்பாலும் வராது. இன நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் உள்ள நாயாக இருந்தால், சான்றிதழில் பெயர் உள்ளவர்தான் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அவருடைய மகனோ அண்ணனோ போட்டால் செல்லாது.

'நிரந்தரமாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நாங்கள் பார்க்கும் தகராறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு சொல் இல்லாததால் வருபவை. "கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க அக்கா, வேற வீடு கிடைச்சதும் சொல்றேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அக்கா ஒன்றரை வருடம் வளர்த்துவிடுகிறார். நாய் அவருடையது என்று தெருவே நினைக்கிறது. ஆனால் அந்தச் செய்தியில் தானம் இல்லை. பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரச் சொல்லி ஒப்படைத்ததுதான் இருக்கிறது. வீடு கிடைத்ததும் அவர்கள் கேட்டால், எழுத்தில் உள்ளது அவர்கள் பக்கம் நிற்கும். அப்படிப்பட்ட நாய் இப்போது உங்களிடம் இருந்தால், இன்றைக்கே செய்தி அனுப்பித் தெளிவாகக் கேளுங்கள்: "நிரந்தரமாக நான் வளர்க்கட்டுமா, அல்லது எந்தத் தேதிக்குள் அழைத்துப் போவீர்கள்?" பதிலை அழிக்காமல் வையுங்கள். மின்னணுச் செய்தியும் உரிய சான்றோடு சாட்சியமாகும்.

கொடுத்தவருக்கே அது சொந்தமில்லை என்று பின்னால் தெரிந்தால்?

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. விற்பனைக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27 இதைத்தான் சொல்கிறது. நீங்கள் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், நாய் திருடப்பட்டது என்றால் உண்மையான உரிமையாளர் திரும்பக் கேட்கலாம். கொடுத்த பணத்தை, உங்களுக்கு விற்றவரிடம்தான் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். திருட்டு நாய் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: நல்ல இன நாயை ஊசி அட்டை இல்லாமல், வழக்கமான விலையில் பத்தில் ஒரு பங்குக்குத் தருவது; வீட்டுக்கு வரச் சொல்லாமல் பேருந்து நிலையத்திலோ சிக்னலிலோ கைமாற்றுவது; கூப்பிடும் பெயரைச் சொன்னால் நாய் காதைக்கூட அசைக்காமல் இருப்பது.

வீட்டுக்குள்ளேயே நடப்பதும் உண்டு. கணவர் வெளியூர் போனபோது மனைவி கொடுத்துவிடுவார், அல்லது பையன் ஆசையாக வளர்த்ததை அப்பா கொடுத்துவிடுவார். உரிமமும் மருத்துவச் சீட்டும் யார் பெயரில் என்று பாருங்கள். வீட்டில் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் தெரியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். நாய் பராமரிப்பு விடுதிகளில் விட்டுவிட்டு ஆள் வராமல் போன நாய்களிலும் கவனம் வேண்டும். விடுதிக்காரர் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினாரா, கெடு முடிந்ததா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

தெருவில் கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் சுற்றுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வைத்துக்கொள்ளலாமா?

காப்பாற்றி உள்ளே வைத்தது குற்றமில்லை. உரிமையாளரைத் தேடாமல் உங்களுடையதாக ஆக்கிக்கொள்வதுதான் குற்றம். சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு கண்டெடுத்த பொருளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: உரிமையாளர் யார் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள வழி இருந்தோ, நியாயமான முயற்சி எடுத்து நியாயமான காலம் காத்திருக்காமலோ தன்னுடையதாக்கினால் தண்டனை உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71-இன்படி கண்டெடுத்தவருக்கு, பிறர் பொருளைப் பாதுகாப்பவருக்கு உள்ள பொறுப்பு வந்துவிடுகிறது.

முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையிலும் பல தனியார் மருத்துவமனைகளிலும் இதற்கான கருவி இருக்கிறது. அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளைக்கு 'திருடினார்' என்று யாராவது சொன்னால் அந்த ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும். பிறகு கிடைத்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள டீக்கடை, இஸ்திரி வண்டி, அடுக்குமாடிக் காவலாளி, பால் போடுபவர், மருந்துக் கடை ஆகிய இடங்களில் நேரில் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுக்களைவிட இவர்களுக்கு எந்த வீட்டில் எந்த நாய் என்பது நன்றாகத் தெரியும்.

விளம்பரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடாதீர்கள். முகமும் நிறமும் போதும். பின்னங்காலில் உள்ள கூடுதல் விரல், வயிற்றின் தையல் தழும்பு, நாக்கில் கரும்புள்ளி, பழைய எலும்பு முறிவு என்று ஏதாவது ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சொல்லாமல் விடலாம். பின்னால் 'என் நாய்' என்று வருபவரைச் சோதிக்க அதுதான் கைகொடுக்கும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால், புதியதைக் குறைந்தது 14 நாள் தனி அறையில் வையுங்கள். டிஸ்டெம்பர் போன்ற தொற்று நோய்கள் வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகலாம்.

சிப்பைப் படிப்பதில் என்ன தவறுகள் நடக்கின்றன?

சிப் அரிசி மணி அளவுதான் இருக்கும், சுமார் 12 மில்லிமீட்டர். மின்கலம் கிடையாது, இடத்தைக் காட்டாது. கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைத் தரும், அவ்வளவுதான். போடுவது இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில். ஆனால் நாளடைவில் தோலுக்கடியில் நகர்ந்து தோளுக்கோ முன்னங்கால் முட்டிக்கோ மார்புக்கோ போய்விடும். முதுகில் ஒரு முறை காட்டிவிட்டு 'சிப் இல்லை' என்று சொன்னால் ஏற்காதீர்கள். உலோகக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்து முதல் இரு பக்கத் தோள், முன்னங்கால், மார்பு என்று மெதுவாக இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

எண் கிடைத்தாலும் பெயர் உடனே கிடைக்காது. பெயரும் தொலைபேசியும் பதிவேட்டில்தான் இருக்கும். மாநகராட்சி, கென்னல் கிளப், சிப் நிறுவனம் என்று பதிவேடுகள் பல. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்துடன் சிப்பையும் கட்டாயமாக்கியது. ஆகவே நகரத்து நாய் என்றால் முதலில் மாநகராட்சியில் கேளுங்கள். தத்தெடுத்த நாய்க்கு ஏற்கெனவே சிப் இருந்தால் இரண்டாவது போட வேண்டியதில்லை. அதே எண்ணில் உங்கள் பெயரையும் தொலைபேசியையும் மாற்றுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு நாய் தொலைந்தால் அழைப்பு பழைய வீட்டுக்குப் போகிறது.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

சட்டத்தில் எண் இல்லை. 'நியாயமான காலம்' என்றுதான் இருக்கிறது. குறைந்தது 30 நாள் என்பது எங்கள் கருத்து. தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடிய நாய் என்றால் 45 நாள் வையுங்கள். அவை பல கிலோமீட்டர் தாண்டி, உரிமையாளர் தேடவே தேடாத பகுதியில் போய் நிற்கும். அந்தக் காலத்தில் அவசர சிகிச்சை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, உண்ணி மருந்து எல்லாம் கொடுக்கலாம். கருத்தடை அறுவை மட்டும் வேண்டாம். கருப்பையில் சீழ் பிடித்தது போன்ற உயிர் போகும் காரணம் இருந்தால் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

ஒருவர் வந்து 'இது என் நாய்' என்கிறார். எப்படி நம்புவது?

நாய் வாலாட்டித் தாவியது என்பது சான்றாகாது. கலகலப்பான லாப்ரடார் தபால்காரரைப் பார்த்தும் தாவும். அடிபட்டு வளர்ந்த நாய் தன் உண்மையான வீட்டாரைப் பார்த்தே பதுங்கும்.

நீங்கள் மறைத்து வைத்த அடையாளத்தைக் கேளுங்கள். தொலைந்த தேதிக்கு முன்பு எடுத்த படங்களைப் போனில் காட்டச் சொல்லுங்கள். வெவ்வேறு வயதில், வீட்டுக்குள் எடுத்த படங்கள் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனை, கடைசி ஊசி எப்போது என்று கேட்டு, அந்த மருத்துவமனையை நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். உரிமமும் சிப் பதிவும் இருந்தால் ஒத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள், தயங்காதீர்கள். கொடுக்கும்போது ரசீது எழுதி வாங்குங்கள். இரண்டு பேர் ஒரே நாயைக் கேட்டால் நீங்கள் நீதிபதியாக வேண்டாம். காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள்.

தேடிய காலத்தில் நான் செலவழித்த பணம்?

ஒப்பந்தச் சட்டம், பிரிவு 168-இன்படி பராமரிப்புக்கும் உரிமையாளரைத் தேடவும் செய்த செலவுக்கு அவர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் செலவைத் தரும் வரை நாயைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். அவர் குறிப்பிட்ட சன்மானம் அறிவித்திருந்தால் அதற்கு வழக்குப் போடலாம். ரசீது உள்ள செலவை மட்டும் கேளுங்கள். 'பாசத்துக்கு விலை' என்று தொகை கூட்டினால் அது மிரட்டலாகப் பார்க்கப்படும்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது பழைய வீட்டார் வருகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் என்றால் வேண்டாம். தொலைத்தவர்கள் அல்லது பறிகொடுத்தவர்கள் என்றால், சட்டம் இன்னும் அவர்கள் பக்கம் இருக்கலாம். தொலைந்த, திருடுபோன அசையும் சொத்தைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு. அந்த 3 ஆண்டும் அது யாரிடம் இருக்கிறது என்று உரிமையாளருக்கு முதலில் தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். நீங்கள் வளர்த்த காலம் மட்டும் உரிமையாகிவிடாது.

தர்மம் இங்கேதான் கடினமாகிறது. எட்டு வயது மகளோடு வளர்ந்த நாயைத் தொலைத்துவிட்டு ஒரு வருடமாகச் சுவரொட்டி ஒட்டிய குடும்பத்துக்கு அது திரும்பத்தான் வேண்டும், உங்களுக்கு எவ்வளவு வலித்தாலும். அவர்கள் தேடவே இல்லை, காவல் நிலையத்திலும் சொல்லவில்லை, நாய் கிடைத்தபோது எலும்பும் தோலுமாகச் சங்கிலிப் புண்ணோடு இருந்தது என்றால் கதை வேறு. அந்த நிலையில் முதல் நாள் எடுத்த எடைக் குறிப்பும், தேதியுள்ள படங்களும், மருத்துவர் எழுதிய சீட்டும் உங்களுக்குக் கைகொடுக்கும். வயதான நாய், இதய நோய், தினசரி மருந்து என்றால் இடமாற்றமே ஆபத்து என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி அவர்களிடம் காட்டுங்கள். பல குடும்பங்கள் அதைப் பார்த்ததும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள். தூக்கிக்கொண்டு வந்து நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர்கள் உங்கள் மீது திருட்டுப் புகார் கொடுக்க வழி திறந்துவிடும். தத்தெடுத்தவரும் மாட்டுவார், நாயும் அதே சங்கிலிக்குத் திரும்பும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11 பயன்படும். போதிய உணவு, நீர், நிழல் தராதது, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டுவது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாதது, பட்டினி கிடக்கும்படி கைவிடுவது எல்லாமே அதில் குற்றங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி வெவ்வேறு நாள்களில் படம் எடுங்கள். உங்கள் எல்லைக்குள் நின்றே எடுங்கள். எழுத்துப் புகாரில் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். 34-ஆம் பிரிவின்படி காவலருக்கு மேற்பட்ட பதவியில் உள்ள காவல் அதிகாரி விலங்கைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். குற்றம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 36. இதைத் தெரியாமல் பலர் மாதக்கணக்கில் படம் சேர்த்துக்கொண்டே இருந்து வாய்ப்பை இழக்கிறார்கள்.

முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஆனாலும் புகார் வீணில்லை. காவலர் ஒருமுறை வீட்டுக்கு வந்ததும், "நாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று உரிமையாளர் எழுதிக் கொடுப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கடிதத்தைக் காவலர் முன்னிலையிலேயே வாங்குங்கள்.

தத்து கொடுத்த காப்பகம் நாயைத் திரும்பக் கேட்கிறது. உரிமை உண்டா?

கையெழுத்திட்ட படிவத்தைப் படித்துப் பாருங்கள். 'வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே தர வேண்டும்', 'பார்வையிட அனுமதிக்க வேண்டும்' போன்ற நிபந்தனைகள் பொதுவாக நியாயமானவை, மதிக்க வேண்டியவை. நீங்கள் மீறினால் அவர்கள் நீதிமன்றம் போகலாம். உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து தூக்கிப்போக யாருக்கும் உரிமை இல்லை. 'எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வோம்' என்று இருந்தால், கையெழுத்திடும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

வளர்த்தவர் இறந்துவிட்டார். யாரிடம் வாங்குவது?

வாரிசுகளிடம். இறுதிச் சடங்கு முடிந்த கையோடு, தெருவில் விடாமல் இருந்தால் போதும் என்று யாரோ ஒருவர் கொடுத்துவிடுவார். வெளிநாட்டிலிருக்கும் மகன் இரண்டு மாதம் கழித்து "அப்பாவின் நாய் எங்கே?" என்று கேட்பார். எல்லா வாரிசுகளிடமிருந்தும் ஒரு வாட்ஸ்அப் ஒப்புதல் வாங்கினால் போதும்.

தெரு நாய்க்கும் 'பழைய உரிமையாளர்' உண்டா?

காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து அதே தெருவில் விடப்பட்ட நாய். சோறு வைப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆவதில்லை. ஆனால் ஐந்து வருடமாக அதற்குச் சோறு வைத்த பாட்டியிடம் சொல்லாமல் அழைத்துப் போவது தவறு. அவர் அன்றிரவு முழுக்கத் தேடுவார். தவிர, எதற்குப் பயப்படும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம், தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புபவர்கள் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், தத்தெடுத்தது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது.

தத்தெடுத்த நாய் கடித்துவிட்டது. பழைய வீட்டார் பொறுப்பா?

நாய் யார் வசம் இருக்கிறதோ அவர்தான். சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவரைத்தான் பிடிக்கிறது. 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடித்த வரலாற்றை மறைத்துக் கொடுத்திருந்தால் அது தனியாக நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கு. கடிபட்ட இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாயை 10 நாள் கண்காணியுங்கள். பழைய ஊசி அட்டை கையில் இல்லாததன் விலை அன்றைக்குத்தான் தெரியும்.

பழைய வீட்டார் வந்து பார்க்கலாமா? பெயரை மாற்றலாமா?

முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள், படம் அனுப்புங்கள். ஒவ்வொரு முறை அவர்கள் கிளம்பும்போதும் நாய் வாசலில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிடும். பழகிய பிறகு, உங்கள் வீட்டில் வேண்டாம், பூங்காவிலோ கடற்கரையிலோ சந்திக்கலாம். அவர்கள் போர்த்திய பழைய போர்வை ஒன்றைத் துவைக்காமல் வாங்கிப் படுக்கையில் போட்டால் முதல் வாரம் தூங்கும். பெயரை மாற்ற விரும்பினால் பழையதையும் புதியதையும் சேர்த்தே மூன்று நான்கு வாரம் கூப்பிட்டு, பிறகு பழையதை விடுங்கள். பயந்த சுபாவமுள்ள நாய்க்குப் பழைய பெயரையே வைத்துக்கொள்வது நல்லது. வெளிக்கதவு திறந்து ஓடிவிட்டால், திரும்பிப் பார்க்க வைக்கக்கூடியது அந்த ஒரு சத்தம்தான்.